மூன்றாம் விளக்கு அணையவில்லை

எங்கள் கம்பெனி எஞ்சினியரோடு தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்த அன்று நான் முதலில் செய்த வேலை, ஜீப்பின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றியதுதான். "குளிருதா?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். அந்தக் குளிரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு என்ன குளிர்? ஜீப் கொழுந்து மலைக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருந்தது. மேலே பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து எடுத்தார்கள். அவர்களில் எவளாவது என்னை அடையாளம் கண்டு, சின்ன வயதில் எனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லிக் கூவிவிடுவாளோ என்று பயம். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் அச்சடிக்கமாட்டார்கள்.

யாரும் கூவவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் அக்காவும் அந்த வரிசையில்தான் நின்றாள். "என் தம்பி பெரிய ஆளுங்களோட வரான். யாரும் கூப்பிட்டு வைக்காதீங்க, அவனுக்குச் சங்கடமா போயிரும்" என்று முதல் நாளே மலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இது எனக்கு இரண்டொரு நாளில் தெரிந்துவிட்டது. தெரிந்தபோது முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசைதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஈப்போவில் தொழிற்பள்ளியில் ரேடியோ வேலை படித்துவிட்டு, கோலாலம்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் டெக்னீஷியனாக இருந்தேன். என்னைப் படிக்க வைத்தது அக்கா. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லை. அப்படிப்பட்டவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது தோட்டத்தில் பல குடும்பங்கள் மூட்டை கட்டின. எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினார்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. "இவன் எங்கிட்டயே இருக்கட்டும், படிக்கிற புள்ள" என்றாள். மச்சான் மறுபேச்சுப் பேசவில்லை. பொதுவாகவே அவர் பேசுகிறவர் இல்லை. பேசினால் அவருடைய லோரியைப் பற்றித்தான் பேசுவார். கொழுந்து மூட்டைகளை மேல் மலையிலிருந்து பேக்டரிக்கு இறக்கும் லோரி அது.

எங்கள் கம்பெனி அந்தத் தோட்டத்தில் தன் கருவியைச் சோதிக்க வந்ததும் அந்த லோரியை வைத்துத்தான்.

இன்றைக்குக் கைத்தொலைபேசியைத் திறந்தால் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடுகிறது. அன்று அது பெரிய வித்தை. லோரி போகிற சடக்கின் குறுக்கே ஒரு ரப்பர் குழாயைப் போடுவோம். சக்கரம் ஏறி அமுக்கினால் உள்ளே காற்று தள்ளும், ஓரத்தில் இருக்கும் பெட்டிக்குள் ஒரு சுவிட்ச் விழும். பெட்டியில் பேட்டரியும் வயர்லெசும் இருந்தன. மலைப்பாதை என்பதால் கீழிருக்கும் பேக்டரிக்கு மேல் பெட்டியின் சத்தம் நேராக எட்டாது. ஆகவே ஒரு பெட்டி சொன்னதை அடுத்த பெட்டி வாங்கி அதற்கடுத்ததற்குச் சொல்லும். தொழிலாளர் லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் ஒரு செய்தி கடைசி வீடு வரை போகிற மாதிரிதான். வித்தியாசம் என்னவென்றால், எங்கள் பெட்டிகள் கண்ணும் காதும் வைத்துச் சொல்லமாட்டா.

பேக்டரி ஆபீசில், கணக்கு எழுதும் கிராணியின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டினோம். ஆறு பெட்டிக்கு ஆறு சிவப்பு விளக்கு. லோரி முதல் பெட்டியைக் கடந்தால் முதல் விளக்கு எரியும். இரண்டாவதைக் கடந்தால் முதலாவது அணைந்து இரண்டாவது எரியும். இப்படியே லோரி விளக்கு விளக்காக இறங்கி வரும். சோதனையின் நோக்கம் ஒன்றே ஒன்று. கேமரன் மலையின் மழையிலும் பனிமூட்டத்திலும் இந்தப் பெட்டிகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றனவா என்று பார்ப்பது.

ஆனால் தோட்டத்துத் துரை இடம் கொடுத்ததற்கு வேறு காரணம் இருந்தது. வெள்ளைக்காரர்கள் போன பிறகு வந்த நம் நாட்டுக்காரர் அவர். தமிழ் நன்றாகத் தெரியும், கோபம் வந்தால் இங்கிலீஷ். டீசல் குறைகிறது, வழியில் எங்கோ லோரியை நிறுத்தி எடுக்கிறார்கள், அல்லது கூலிக்கு வெளியாள் சாமானை ஏற்றுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். கொழுந்து ஏற்றிய லோரி பேக்டரி வந்து சேரும்வரை எங்கும் நிற்கக் கூடாது என்பது சட்டம். நிறுத்தினால் வேலை போகும். தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும். போன வருடம்தான் ஒரு டிரைவர் குடும்பத்தோடு சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

"ஒங்க மச்சான் லோரிதான் மொதல்ல மாட்டும்போல" என்று கிராணி சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். துரைக்கும் எஞ்சினியருக்கும் தெரியாத உறவு, தோட்டத்துப் பழைய ஆளான அவருக்குத் தெரியும். நானும் சிரித்தேன். மச்சானாவது திருடுவதாவது! அவருக்கு ஒரு லைம் ஜூஸ் வாங்கிக் கொடுத்தாலே ஒரு வாரம் கூச்சப்படுவார்.

முதல் வாரம் சோதனை சிரிப்பாய்ச் சிரித்தது. லயத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது குழாயின் மேல் குதிப்பார்கள். பேக்டரியில் பலகை முழுக்க லோரிகள் ஓடும். ஒரு நாள் மூன்று காட்டுப்பன்றிகள் கடந்துபோக, கிராணி லோரி வருகிறது என்று மணி அடித்து ஆட்களைக் கூப்பிட்டுவிட்டார். எஞ்சினியர் பினாங்குச் சீனர், நல்ல மனிதர். கோபப்படாமல், இத்தனை கனத்துக்கு மேல் அமுக்கினால் மட்டும் சுவிட்ச் விழுகிற மாதிரி ஒரு ஸ்பிரிங் போட்டார். பன்றிகளும் பிள்ளைகளும் பலகையிலிருந்து மறைந்தார்கள்.

எங்களைத் தங்க வைத்தது துரை பங்களாவுக்குப் பக்கத்திலிருந்த விருந்தினர் வீட்டில். சின்ன வயதில் அந்த வாசல் பக்கம் போனாலே காவல்காரர் விரட்டுவார். இப்போது அதே வாசல் வழியாக நான் சப்பாத்துக் காலோடு நடந்தேன். உள்ளே நாற்காலி நுனியில்தான் உட்கார வந்தது. சாய்ந்து உட்கார்ந்தால் யாரோ வந்து எழுப்பிவிடுவார்கள் என்று முதுகுக்கு ஒரு பயம்.

வந்த மறுநாள் சாயங்காலம் அக்கா வந்தாள். முன் வாசலுக்கு வரவில்லை, சமையல்கட்டுப் பக்கம் வந்து நின்றாள். கையில் ஒரு எனாமல் கேரியர், நீலப்பூ போட்டது. நானும் எஞ்சினியரும் பின் தாழ்வாரத்தில் பேட்டரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். நான் எழுந்திருப்பதற்குள் எஞ்சினியர் அவளைப் பார்த்துச் சிரித்து, மலாயில், வயதில் மூத்த பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி, "மக்சிக், துணி துவைக்க வந்தீங்களா? நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார். உள்ளே போய்ச் சேறான சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "ஆமாங்க துவான்" என்று சட்டைகளை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கேரியரைத் திண்டில் வைத்துவிட்டு, "இது இந்த ஐயாவுக்கு" என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். அவ்வளவு வேகமாக அவள் முந்திக்கொண்டதில் எனக்குக் கோபம்கூட வந்தது. நான் சொல்லியிருப்பேன், இவள்தான் சொல்ல விடவில்லை என்று மனசுக்குள் அவள் மேலேயே பழியைப் போட்டேன். இரண்டு நாள் கழித்துச் சட்டைகள் மடித்து, இஸ்திரி போட்டு, சமையல்காரர் மூலமாக வந்து சேர்ந்தன. என் சட்டை ஒன்றும் அதில் இருந்தது. எனக்குத் தெரியாமல் எப்படி எடுத்தாளோ.

எஞ்சினியர் அந்தக் கேரியரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தோட்டத்தில் யாரோ சமைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். நானும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அக்கா அந்தப் பக்கம் வரவில்லை. கேரியர் மட்டும் தினமும் வந்தது. மச்சானின் லோரி மதியத்துக்கு முன் கொழுந்தோடு பேக்டரிக்கு வரும்போது, அதில் வந்து இறங்கும். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போகும்போதே அக்கா அதை அவரிடம் கொடுத்து அனுப்புகிறாள் என்றுதான் நினைத்தேன்.

சாப்பாடு பிரமாதமாக இருக்கும். கருவாட்டுக் குழம்பு, நெத்திலிச் சம்பால், முருங்கைக்கீரை. எஞ்சினியருக்கும் பங்கு உண்டு. சம்பாலில் பாதி அவர் வயிற்றுக்குத்தான் போனது. ஒரே குறை, மலைக் குளிரில் சோறு கல்லாகிவிடும். ஒரு நாள் கேரியரை இறக்கிய மச்சானிடம், "அக்கா சமையல்ல ஒண்ணும் சொல்றதுக்கில்ல மச்சான், ஆனா ஆறிப்போயிருதுலா. வாயில வைக்க முடியல" என்றேன். சும்மா சொன்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து சோறு சுடச்சுட வந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. சூடான சோறு கிடைத்தவன் ஏன் கேட்கப்போகிறான்?

அதே நாட்களில்தான் மூன்றாம் விளக்கு மக்கர் பண்ணத் தொடங்கியது. முதல் விளக்கு எரியும், அணையும். இரண்டாவது எரியும், அணையும். மூன்றாவது எரிந்தால் எரிந்துகொண்டே இருக்கும். கிராணி ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் அது எரிந்துகொண்டிருக்கும். பிறகு ஒருவழியாக நான்காவது எரியும். மதியத்துக்கு முந்தின லோரிக்கு மட்டும்தான் இப்படி. மற்ற நடைகளில் ஒரு கோளாறும் இல்லை.

நான்காவது பெட்டியில்தான் பழுது என்று நான் முடிவு கட்டினேன். அந்த நேரத்தில்தான் மேகம் இறங்குகிறது, ஈரத்தில் ஏரியல் சரியாக வாங்கவில்லை என்று எஞ்சினியரிடம் பெரிய விளக்கமெல்லாம் கொடுத்தேன். பேட்டரியை மாற்றினேன். ஏரியலை இன்னும் உயரத்தில் கட்டினேன். அட்டை கடித்து இரண்டு காலிலும் ரத்தம். பேக்டரியில் கேரியரை வாங்கிக்கொண்டு போய், நான்காவது பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரவேரில் உட்கார்ந்து, ஆவி பறக்கிற சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே அந்தப் பெட்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டுவேன். பெட்டி ஒரு குற்றமும் செய்யவில்லை. அது தாமதமாகச் சொன்னது, லோரி தாமதமாக வந்ததால். லோரி தாமதமாக வந்தது, நான் தின்றுகொண்டிருந்த சோற்றால். உலகத்தில் வேறு எந்த மடையனாவது பழுதுக்குக் காரணமானதை விழுங்கிக்கொண்டே பழுது பார்த்திருப்பானா?

எஞ்சினியர் பொறுமையானவர், ஆனால் மக்கு இல்லை. ஒரு நாள் காலை துரையும் ஆபீசில் இருந்தார். மூன்றாம் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. நான் ஈரம், மேகம், ஏரியல் என்று ஆரம்பித்தேன். எஞ்சினியர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"பழுது என்றால் எல்லா நடையிலும் வர வேண்டும்" என்றார் இங்கிலீஷில். "பெட்டி சரியாகத்தான் சொல்கிறது. லோரி உண்மையிலேயே நிற்கிறது." அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி மலர்ந்துவிட்டது. இத்தனை மழைக்குள்ளும் மலைக்குள்ளும் அவருடைய பெட்டிகள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சோதனை வெற்றி.

துரை ஏற்கெனவே ஜீப் சாவியை எடுத்துவிட்டார். "வாங்க, கையும் களவுமா புடிப்போம்" என்றார்.

முன்னால் அவர்கள் இருவரும், பின்னால் நான். ஜீப் மேலே ஏறியது. அந்தச் சடக்கில் ஓடிய லோரி ஒன்றுதான். அதை ஓட்டியவர் ஒருவர்தான். மச்சான் டீசல் எடுக்கிறாரா? என் புத்தி எங்கெல்லாமோ போயிற்று. எனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கியது, ஈப்போவுக்கு பஸ் பிடித்து அனுப்பியது, இதெல்லாம் அந்தப் பணமாக இருக்குமோ? ஐந்து நிமிட மலைப்பாதையில் என்னை வளர்த்த மனிதரைத் திருடராக்கி, அதற்கு என் படிப்பையே சாட்சியாகவும் நிறுத்திவிட்டேன். வீடு போய்விடும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அக்காவும் அவள் பிள்ளைகளும் அன்றைக்கே தெருவுக்கு வந்துவிடுவார்கள், நான் கொண்டுவந்து வைத்த பெட்டியால்.

மூன்றாவது பெட்டிக்கும் நான்காவது பெட்டிக்கும் நடுவில் ஒரு வளைவு. அதற்கு மேலே கொழுந்து மலை. லோரி மூட்டைகளோடு ஓரத்தில் நின்றது. மச்சான் அதன் படியில் குந்தியிருந்தார். சடக்கோரத்தில், மூன்று கல்லைக் கூட்டி, கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளால் ஒரு சின்ன நெருப்பு. அதன் மேல் எனாமல் கிண்ணம் ஒன்று. அக்கா கூடையை முதுகிலிருந்து இறக்காமலேயே குனிந்து, புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மற்ற கிண்ணங்கள் ஒரு வாழையிலையில் வரிசையாக இருந்தன.

அவ்வளவுதான் களவு. கங்காணி அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து அவள் மலையிலிருந்து இறங்கி வர வேண்டும். பிறகு சூடு பண்ண வேண்டும். மூன்றாம் விளக்கு அத்தனை நேரம் எரிந்தது இதற்குத்தான். எனக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. ஜீப்பின் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

மச்சான் எழுந்து தொப்பியைக் கழற்றினார். அக்கா நிமிர்ந்தாள்.

"கொழுந்து லோரி ஏன் நிக்குது?" என்றார் துரை.

அக்காதான் பேசினாள். "என் வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டாந்தேங்க தொர. தப்பு எம்மேலதான்."

துரை லோரிக்குள் எட்டிப் பார்த்தார். சீட்டில் பேப்பரில் கட்டிய ஒரு சோற்றுப் பொட்டலம் இருந்தது. "அப்ப அது யாருக்கு?"

"அதுவும் அவருக்குத்தாங்க. நல்லா சாப்பிடுவாரு தொர."

மச்சானின் உடம்பில் எலும்பை எண்ணலாம். வேறு நேரமாக இருந்தால் துரையே சிரித்திருப்பார். அப்போது எஞ்சினியர், பாவம், ஒரு கள்ளமும் இல்லாமல் அந்தக் கிண்ணங்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இது உன் கேரியர்தானே? அந்தச் சம்பாலை நான்தானே பாதி சாப்பிடுகிறேன்."

துரை என்னைப் பார்த்தார். நான் ஜீப்பிலிருந்து இறங்கி நின்றிருந்தேன். எப்போது இறங்கினேன் என்று தெரியாது.

"ஒனக்குப் போற சாப்பாடா இது?" என்றார். பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "வெளியாளுக்கு சாப்பாடு கொண்டு போறதுக்கு என் லோரிய கூலிக்கு நிறுத்துறான்னா, இவன் இன்னைக்கே சாவியக் குடுத்துட்டு எடத்தக் காலி பண்ணணும். குடும்பத்து விஷயம்னா நான் யோசிக்கணும். இந்தப் பொம்பள ஒனக்கு யாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிய நாளிலிருந்து அதுவரை ஒருமுறைகூட மற்றவர் முன்னால் என்னை நேராகப் பார்க்காதவள் அப்போது பார்த்தாள். கெஞ்சவில்லை. கண்ணால் எதையும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. பள்ளியில் டீச்சர் என்ன கேட்பாரோ என்று பிள்ளைகள் நிற்பார்களே, அப்படித் தயாராக நின்றாள். நான் என்ன சொன்னாலும் அதற்கு ஆமாம் போடத் தயாராக இருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது அவளுக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. என்னை இடுப்பில் சுமந்தவள், என் தலையில் பேன் பார்த்தவள். அவளுக்கு அது தெரியாத இடத்துக்கு நான் வந்து சேர்ந்திருந்தேன்.

"எங்கக்கா" என்றேன். "கூடப் பொறந்த அக்கா, தொர. இவரு எங்க மச்சான்." எஞ்சினியரிடம் இங்கிலீஷிலும் சொன்னேன். யாராவது கேட்டிருந்தால் மலாயிலும் சீனத்திலும் சொல்லியிருப்பேன்.

எஞ்சினியரின் காது சிவந்தது. சட்டைகள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஆனால் அதுவரை என்னைப் பார்த்த மாதிரியும் இல்லை. பிறகு அக்காவிடம் போய், தலையைக் குனிந்து, மலாயில் ஏதோ மன்னிப்புக் கேட்டார். அக்கா கொழுந்துக் கறை பிடித்த கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல துவான், சட்ட நல்லா வெளுத்துச்சா?" என்று கேட்டாள். நானாக இருந்தால் அந்தக் கேள்விக்குச் செத்திருப்பேன். அவரும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தார்.

துரை கொஞ்ச நேரம் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றார். யோசிக்கிறவர் மாதிரியும் இருந்தது, சிரிப்பை அடக்குகிறவர் மாதிரியும் இருந்தது. கடைசியில் மச்சானிடம், "இனிமே லோரி நின்னா சாவி எங்கிட்ட வந்துரும். தம்பிக்கு சோறு குடுக்கணும்னா சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டுக் குடுங்க. அவனுக்குக் காலு இருக்குதானே?" என்றார். மச்சான் தொப்பியை மாட்டிக்கொண்டு லோரியை எடுத்தார். அக்கா அவசரமாக நெருப்பை மிதித்து அணைத்துவிட்டு மலையேறினாள். கங்காணி பார்த்துவிட்டால் அன்றைய பாதிப் பேர், அதாவது அரைநாள் கூலி, போய்விடும் என்ற கவலை அவளுக்கு.

டீசல் எங்கே போனது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பெட்டிகளையும் துரை வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் லயத்துக்கு நடந்து போனேன். தோட்டத்துக்கு வந்து அத்தனை நாளாகியும் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை. வழியில் உட்கார்ந்திருந்த பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும், "பசியாறிட்டியாப்பா?" என்றாள். அழுகை வரும்போல இருந்தது.

அக்கா அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். மச்சான் வெளியே லோரியைக் கழுவப் போயிருந்தார். அவள் மணைப்பலகையை எடுத்துப் போட, உட்கார்ந்தேன். சண்டை போடத்தான் வந்திருந்தேன். என்னை ஏன் இப்படிக் கேவலப்படுத்தினாய், அன்றைக்கே எஞ்சினியரிடம் நான் உனக்கு யார் என்று சொல்லியிருந்தால் என்ன என்று கேட்கப் போகிறவனைப் போல மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அங்க ஏங்க்கா என்னை அப்படிப் பாத்த?"

"எப்படிப் பாத்தேன்?"

"நான் என்ன சொல்லுவேன்னு தெரியாத மாதிரி."

"தெரியாதுதான்" என்றாள். மீனைத் திருப்பிப் போட்டாள். "சமைச்சுக் குடுக்கிற பொம்பளன்னு சொல்லுவன்னு நெனச்சேன். ஆமான்னு தலையாட்டிரணும்னு இருந்தேன்."

"அப்படிச் சொல்லியிருந்தா மச்சானுக்கு வேலை போயிருக்கும்லா. வீடு போயிருக்கும்."

"போயிருக்கும். அதுக்குத்தான் அவருகிட்ட முந்தியே பேசி வச்சேன். நீ வச்ச பெட்டி என்னைக்காச்சும் காட்டிக் குடுக்கும்னு அவருக்குத் தெரியாதா? யாராச்சும் கேட்டா ஒன் பேர இழுக்கக் கூடாதுன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். ரிங்லெட்டு டவுனுல ஒருத்தரு காய்கறி லோரி ஓட்ட ஆள் தேடுறாரு. அங்க போயிரலாம்னு இருந்தோம்."

அவள் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, மீனை வைத்து, என் முன்னால் நகர்த்தினாள். பிறகு, அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததைப் போல, முகமெல்லாம் சிரிப்பாக என் தலையைத் தடவினாள்.

"ஆனா நீ அக்கான்னு சொல்லிட்ட பாரு. தொர முன்னாடி, அந்தச் சீனத் துவான் முன்னாடி. அன்னைக்கு ராத்திரி முழுக்க நாங்க பேசினதுல அது மட்டும் எங்களுக்குத் தோணவே இல்லப்பா."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். எதிர்பாராமல் ஒரு பெரிய பரிசு கிடைத்த மாதிரி அவ்வளவு சந்தோஷம். என்னால் தட்டிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.